சோத்தை நிறுத்திட்டு ஓடினா கால் ஏன் வர மாட்டேங்குது?

வெயிட் குறைக்கணும்னு முடிவு பண்ற நம்ம ஊர் ஆளுங்க பெரும்பாலும் ஒரே திங்கக்கிழமை ரெண்டு வேலையை ஒண்ணா ஆரம்பிச்சிடுவாங்க, ஒண்ணு சோத்தை நிறுத்துறது, இன்னொண்ணு ஓட ஆரம்பிக்கிறது. பாண்டி பீச் ரோட்டுல வண்டி விடாத அந்தக் காலை நேரத்துல பாருங்க, காந்தி சிலையில இருந்து டூப்ளே சிலை பக்கம் வேகமா ஓடுறவங்கள்ல பாதிப் பேர் முந்தின நாள் ராத்திரி சாப்பிடாதவங்க, ஓடி முடிச்சும் சாப்பிடப் போறதில்ல. ஓடுறதும் நல்லது, அளவா சாப்பிடுறதும் நல்லது, ஆனா ரெண்டையும் உச்சத்துல வச்சா உடம்பு ஓட்டத்தைத்தான் முதல்ல கைவிடும், கொழுப்பை இல்ல. அது ஏன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இது புரியாம நல்லா ஓடிகிட்டிருந்த பல பேர் ரெண்டே மாசத்துல விட்டுட்டுப் போயிடுறாங்க.

தசை சுருங்கி விரிய ஏடிபின்னு ஒரு மூலக்கூறு வேணும். அது தசையில சில செகண்டுக்குத்தான் கையிருப்பு இருக்கும், அதனால ஓடும்போது உடம்பு அதை விடாம புதுசா பண்ணிகிட்டே இருக்கணும். பண்றதுக்கு முக்கியமா ரெண்டு சரக்கு, ஒண்ணு கொழுப்பு, இன்னொண்ணு சோறு இட்லியில இருந்து வர்ற மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனா மாத்தி வச்சிருக்கிறது. கிளைக்கோஜன் தசைகள்ல சுமார் 400 கிராம், கல்லீரல்ல சுமார் 100 கிராம் இருக்கும், ரெண்டும் சேர்ந்து 2000 கலோரி. கொழுப்போ 70 கிலோ ஆளுக்கு 14, 15 கிலோ இருந்தா அதுலயே ஒரு லட்சம் கலோரிக்கு மேல இருக்கு. அப்போ எதுக்கு சாப்பிடணும், உள்ள இருக்கிறதையே எரிக்கலாமேன்னு தோணும், நியாயமான கேள்விதான்.

பிரச்சினை அளவுல இல்ல, வேகத்துல இருக்கு. குதிர் நிறைய நெல்லு இருந்தாலும் பசிக்கிற நேரத்துக்கு அதை அப்படியே சாப்பிட முடியாது, குத்தணும் புடைக்கணும் உலை வைக்கணும், பானையில இருக்கிற சோறுதான் உடனே இலைக்கு வரும், கொழுப்பும் கிளைக்கோஜனும் அப்படித்தான். கொழுப்பு செல்லை விட்டு வெளிய வந்து, ரத்தத்துல ஏறி, தசைக்குள்ள நுழைஞ்சு, செல்லுக்குள்ள அடுப்பு மாதிரி இருக்கிற மைட்டோகாண்ட்ரியா வரைக்கும் போய் எரியணும், அதுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேணும். அதுவும் ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு மாவுச்சத்து சுமார் 5 கலோரி கொடுக்கும், கொழுப்பு சுமார் 4.7 தான். மூச்சு வாங்குற வேகத்துல ஓடும்போது ஆக்சிஜன்தான் தட்டுப்பாடு, அப்போ உடம்பு எதைத் தேடும்னு நீங்களே சொல்லுங்க.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். ஓட்டத்துக்கு கிலோமீட்டருக்கு ஒரு கிலோ உடம்பு எடைக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். 70 கிலோ ஆளு மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல ஓடினா நிமிஷத்துக்கு 11.7 கலோரி வேணும். சாதாரணமா பயிற்சி பண்றவங்களுக்கு கொழுப்பு எரியிறது அதிகபட்சம் நிமிஷத்துக்கு அரை கிராம் பக்கம்தான் வரும், அதாவது 4.5 கலோரி. மிச்சம் 7 கலோரிக்கு மேல மாவுச்சத்துல இருந்துதான் வரணும், நிமிஷத்துக்கு சுமார் 1.75 கிராம். 8 கிலோமீட்டர் ஓட 48 நிமிஷம், அப்போ 84 கிராம். இன்னும் வேகம் கூட்டினா கொழுப்போட பங்கு இன்னும் குறையும், 400 மீட்டர் இன்டர்வல் (வேகமா ஓடி, கொஞ்சம் ஓய்வெடுத்து, மறுபடி ஓடுறது) மாதிரி வெறித்தனமா ஓடும்போது கிட்டத்தட்ட முழுக்க கிளைக்கோஜன்தான்.

இப்போ மூளையையும் சேத்துக்கோங்க, அது மட்டும் ஒரு நாளைக்கு சுமார் 120 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கும், நீங்க ஓடினாலும் சரி தூங்கினாலும் சரி.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துல போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுற பசங்க நிறைய. 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், அதுக்காக எடையைக் குறைக்கணும்னு ஒரு தம்பி சோத்தை முழுசா நிறுத்திட்டான், காலைல வெறும் வயித்துல இன்டர்வல், அப்புறம் ரெண்டு முட்டை, மத்தியானம் காய், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. "அண்ணே, முதல் வாரமே ரெண்டு கிலோ போயிடுச்சு, ஆனா மூணாவது ரவுண்டுக்கு மேல கால் தூக்கவே வரலண்ணே, மூச்சு வாங்கல, நெஞ்சு படபடக்கல, கால்தான் கல்லா இருக்கு"ன்னான். அவன் சொன்னதுல ரெண்டு விஷயத்துக்கும் ஒரே காரணம்தான். கிளைக்கோஜன் தனியா சேமிப்பு ஆகாது, ஒரு கிராமுக்கு சுமார் 3 கிராம் தண்ணியைச் சேத்துப் பிடிச்சு வச்சிருக்கும். 400 கிராம் காலியானா கூடவே 1200 கிராம் தண்ணியும் போகும், மெஷின்ல 1.6 கிலோ குறைஞ்சிருக்கும், அதுல ஒரு கிராம்கூட கொழுப்பு இல்ல. அவன் சந்தோஷப்பட்ட அந்த எடைதான் அவனோட ஓட்டம். அவன் ஒரு நாளைக்கு சாப்பிட்ட மாவுச்சத்து 100 கிராமைத் தாண்டியிருக்காது, மூளைக்கே அது பத்தல, அப்புறம் காலுக்கு எங்க இருந்து வரும்.

இது காலுக்குள்ளயே நடக்குற கணக்குன்னு 1966ல ஸ்வீடன்ல ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க தங்க உடம்பையே வச்சு காட்டினாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச பரிசோதனை இது. ஒரே சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் உக்காந்துகிட்டு ஆளுக்கு ஒரு கால்ல மட்டும் மிதிச்சாங்க, இனிமே முடியாதுங்கிற வரைக்கும். அப்புறம் தொடையில ஊசி விட்டு ரெண்டு கால்லயும் தசைத் துணுக்கு எடுத்துப் பாத்தா, மிதிச்ச கால்ல கிளைக்கோஜன் சுத்தமா இல்ல, சும்மா இருந்த கால்ல அப்படியே இருக்கு, அதாவது ஒரு கால்ல இருக்கிறதை இன்னொரு கால் கடன் வாங்க முடியாது. அடுத்த மூணு நாள் மாவுச்சத்து நிறைய சாப்பிட்டாங்க, மிதிச்ச கால்ல அது சும்மா இருந்த காலைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஏறிடுச்சு. வேலை செஞ்ச தசைக்கு சாப்பாடு போனா அது வாங்கி வச்சுக்கும், உடம்பு முழுக்க கொழுப்பா போயிடாதுங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான், குறைக்க வேண்டியதை ஓட்டத்துக்குப் பக்கத்துல குறைக்காதீங்க, நாளோட மத்த நேரத்துல குறைங்க. அந்த 70 கிலோ ஆளுக்கு ஓட்டம் இல்லாம ஒரு நாளைக்கு சுமார் 2100 கலோரி செலவாகுதுன்னு வச்சுக்குவோம், 8 கிலோமீட்டருக்கு இன்னொரு 560, மொத்தம் 2650 பக்கம். இதுல 400 குறைச்சு 2250 சாப்பிட்டா வாரத்துக்கு 2800 கலோரி பற்றாக்குறை, ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு 7700ன்னு கணக்கு வச்சா வாரம் 350 கிராம் சொச்சம். கம்மியா தெரியும். ஆனா அது கொழுப்பு, தண்ணி இல்ல.

அந்த 400 எங்க இருக்குன்னு தேடினா கஷ்டமே இல்ல. பாலும் சர்க்கரையும் போட்ட டீ ஒண்ணு 80, 100 கலோரி, ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிறவங்க ரெண்டைக் குறைக்கலாம். குழம்புல தாளிக்கிற எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி. சாயங்காலம் பீச்சுல நின்னு சாப்பிடுற பஜ்ஜி, ராத்திரி பரோட்டா இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பண்ருட்டி முந்திரி நல்ல பொருள்தான், ஆனா 30 கிராம் கைப்பிடியே 170 கலோரி, பேசிகிட்டே மூணு கைப்பிடி உள்ள போயிடும். இதையெல்லாம் தொடாம காலைல ஓடிட்டு வந்தவன் தட்டுல இருந்து ரெண்டு இட்லியை எடுக்கிறதுதான் எனக்கு மனசு கேக்காத விஷயம்.

ஓடுறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு வாழைப்பழம் போதும், 25 கிராம் மாவுச்சத்து வந்துடும், சீசன்ல நாலஞ்சு பலாச்சுளைகூட சரிதான். ராத்திரி நல்லா சாப்பிட்டிருந்தா மெதுவான ஓட்டத்துக்கு வெறும் வயித்துல போறதுல தப்பில்ல, வேக ஓட்டத்துக்குத்தான் கூடாது. ஓடி முடிச்ச முதல் ரெண்டு மணி நேரம் முக்கியம், தசை குளுக்கோஸை இழுத்துக்கிற கதவெல்லாம் அப்போ திறந்து இருக்கும், கிளைக்கோஜன் கட்டுற நொதியும் சுறுசுறுப்பா இருக்கும். அந்த நேரத்துல நாலஞ்சு இட்லி, சாம்பார், ரெண்டு முட்டை. கடுமையா ஓடுற நாள்ல மொத்தமா கிலோவுக்கு 4, 5 கிராம் மாவுச்சத்து, 70 கிலோவுக்கு 280ல இருந்து 350 கிராம், ஓய்வு நாள்ல சோத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம், ஓடாத கால் கேக்காது.

புரோட்டீன் விஷயத்துல நம்ம சாப்பாடு உண்மையிலயே பின்தங்கித்தான் இருக்கு. பற்றாக்குறையில இருக்கும்போது உடம்பு குளுக்கோஸ் வேணும்னு தசையையே உடைச்சு எடுக்கும், அதைத் தடுக்க புரோட்டீனும் வெயிட் தூக்குற பயிற்சியும் வேணும். கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 2016ல வெளிவந்த ஒரு ஆய்வுல 40 இளைஞர்களுக்கு நாலு வாரம் 40 சதவீதம் கலோரியைக் குறைச்சு, வாரத்துக்கு ஆறு நாள் கடுமையான பயிற்சி கொடுத்தாங்க, கிலோவுக்கு 1.2 கிராம் புரோட்டீன் எடுத்தவங்க 3.5 கிலோ கொழுப்பு குறைஞ்சாங்க, 2.4 கிராம் எடுத்தவங்க 4.8 கிலோ கொழுப்பு குறைஞ்சதோட 1.2 கிலோ தசை கூடவும் செஞ்சாங்க. நமக்கு 1.6 கிராம் வந்தாலே பெரிய விஷயம், 70 கிலோவுக்கு 112 கிராம். முட்டைக்கு 6 கிராம், 100 கிராம் மீனுக்கு 20 கிராம் பக்கம். கடலூர் துறைமுகத்துல மத்தியும் கானாங்கெளுத்தியும் வர்ற காலத்துல நமக்கு என்ன குறை, வறுக்காம குழம்பா வச்சா போதும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலத்துல விலை ஏறிடும், அப்போ முட்டை, கொண்டைக்கடலை, சோயா, தயிர்னு சமாளிக்கலாம்.

இன்னும் ஆழமான ஆபத்து ஒண்ணு இருக்கு. சாப்பிட்டதுல ஓட்டச் செலவைக் கழிச்சா மிச்சம் இருக்கிறதுலதான் இதயம், ஹார்மோன், எலும்பு, நோய் எதிர்ப்புன்னு மத்த எல்லாம் நடக்கணும். கொழுப்பு நீங்கலான உடம்பு எடைக்கு கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழ அந்த மிச்சம் போனா அஞ்சே நாள்ல பெண்களோட இனப்பெருக்க ஹார்மோன் விட்டு விட்டுச் சுரக்கிற துடிப்பு மாறுதுன்னு ஆன் லக்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 2003ல காட்டினாங்க. ஆம்பளைங்களுக்கு அந்தக் கோடு அவ்ளோ தெளிவா இல்ல, ஆனா அவங்களும் தப்பிக்கிறதில்ல, டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். நம்ம 70 கிலோ ஆளுக்கு கொழுப்பு நீங்கலா 56 கிலோன்னா, 2250 சாப்பிட்டு 560 ஓடினா மிச்சம் கிலோவுக்கு 30, சரியா கோட்டு மேல. அவரே 1500 சாப்பிட்டா 17 தான் வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல இருந்து இதுக்குத் தனிப் பேரே வச்சு எச்சரிக்குது. அம்மா, அக்கா, தங்கச்சிங்க யாராச்சும் டயட்டும் ஓட்டமும் சேர்ந்து பண்ணும்போது மாசாமாசம் வர்றது தள்ளிப் போனா, "வெயிட் குறையுதுல்ல, அப்படித்தான்"னு விடாதீங்க, அது எலும்புல போய் நிக்கும், டாக்டரைப் பாருங்க, கூடவே ஹீமோகுளோபினும் பாருங்க, 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்களும் கேட்டுட்டுத்தான் சாப்பாட்டையோ ஓட்டத்தையோ மாத்தணும்.

1944ல அமெரிக்காவுல மினசோட்டாவுல ஆன்செல் கீஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வச்சு ஒரு பட்டினிப் பரிசோதனை பண்ணினார், 24 வாரம், நாளைக்கு சராசரியா 1570 கலோரி, வாரத்துக்கு 22 மைல் நடை. எடை கால்வாசி குறைஞ்சது, கூடவே வேனல்லயும் குளிர் எடுத்துச்சு, இதயத் துடிப்பு இறங்கிப் போச்சு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எதுலயும் ஆர்வம் இல்ல. பட்டினின்னு பேர் வச்சுப் பண்ணின அந்த 1570ஐ விடக் கம்மியா, 1200 கலோரி டயட்டுன்னு இன்னிக்கு ஓடுற பசங்களுக்கு ஈசியா எழுதிக் கொடுக்கிறாங்க, இதைப் பாக்கும்போது எனக்குக் கோவம்தான் வருது.

வாட்ச் காட்டுற கலோரியையும் அப்படியே நம்ப வேணாம். 2017ல ஸ்டான்ஃபோர்டுல ஏழு கைப்பட்டைகளைச் சோதிச்சாங்க, இதயத் துடிப்புல பெரும்பாலும் சரியா இருந்தது, கலோரியில இருக்கிறதுலயே நல்லதே சராசரி 27 சதவீதம் தப்பு, மோசமானது 93. ஓடி முடிச்ச உடனே எடை பாக்கிறதும் வீண், நம்ம கடலோரக் காத்துல ஈரம் அதிகம், வேர்வை உடம்புலயே வழியும், காயாது, உடம்பு குளிராது, இன்னும் வேர்க்கும். மே மாசத்துல ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டருக்கு மேல போயிடும், அதை எடை குறைஞ்சதா எண்ணிக்கக் கூடாது, உப்பு போட்ட மோரா திரும்பக் குடிக்கணும். இன்னொண்ணு, சூட்டுல ஓடும்போது தசை கிளைக்கோஜனை வழக்கத்தைவிட வேகமா தீக்கும், அதனால வெயில் காலத்துல பற்றாக்குறையை இன்னும் சின்னதா வச்சுக்கிறது நல்லது. எடையை வாரத்துல ரெண்டு மூணு நாள் காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து பாத்து சராசரி எடுங்க. வாரத்துக்கு உடம்பு எடையில அரை சதவீதத்துல இருந்து 0.7 சதவீதம் குறைஞ்சா நல்ல வேகம், நார்வேயில தேர்ந்த விளையாட்டு வீரர்களை வச்சுப் பாத்தப்போ வாரம் 0.7 சதவீதம் குறைஞ்சவங்களுக்குத் தசை கூடவும் செஞ்சது, 1.4 சதவீதம் குறைஞ்சவங்களுக்கு அது நடக்கல.

செலக்‌ஷனோ மாரத்தானோ தேதி வச்சிருக்கிறவங்க ஒரு ரெண்டு வாரம் முன்னாடியே குறைக்கிறதை நிறுத்திடணும், அந்த நாட்கள்ல ஓட்டத்தையும் குறைச்சு செலவாகுற அளவுக்கு முழுசா சாப்பிடணும். கிளைக்கோஜன் நிறையும்போது தண்ணியும் சேரும், மெஷின்ல ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறும், பயந்து போய் மறுபடி சோத்தை நிறுத்திடாதீங்க. முந்தின நாள் ராத்திரி சோறு, ரசம், தயிர்னு வயித்துக்குப் பழகினது, கீரையும் கடலையும் அன்னிக்கு மட்டும் வேணாம், வயிறு உப்பும். காலைல ரெண்டு மணி நேரம் முன்னாடி மூணு இட்லி, கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், தாகத்துக்குத் தண்ணி.