மூளைக்குள் ஒரு நீண்ட காவல்

1908இல் துனிஸ் நகரில் நிக்கோல், மான்சோ என்ற இருவர் ஒரு சிறு கொறித்துண்ணியின் உடலில் டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியைக் கண்டார்கள். இன்று உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உடலில் அது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பூனை மலம் கலந்த மண்ணிலிருந்தோ சரியாக வேகாத இறைச்சியிலிருந்தோ வந்து சேரும். பெரும்பாலோருக்கு வந்ததே தெரியாது.

ஆனால் வந்தது போவதில்லை. மூளைக்குப் போய், நியூரான்கள் என்ற நரம்புச் செல்களுக்குள் கூடு கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைப்பது நம் நோய் எதிர்ப்பு மண்டலம். எய்ட்ஸ் முற்றி அந்தக் காவல் தளர்ந்தால் கூடுகள் உடைந்து மூளை அழற்சியே வந்துவிடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் காவலுக்கு மூளை கொடுக்கும் விலைதான். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை இந்த ஒட்டுண்ணியால் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. அதனால் நம் செல்கள், இன்டர்ஃபெரான் காமா என்ற நோய் எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதத்தின் தூண்டுதலால், அதைச் சிதைத்து எதிரியைப் பட்டினி போடுகின்றன. நல்ல தந்திரம். ஆனால் அப்படிச் சிதைக்கும் வழியில் குவினோலினிக் அமிலமும் உருவாகிறது. அது அளவு மீறினால் நியூரான்களை ஓயாமல் தூண்டிக் கொன்றுவிடும். மறதி நோயான அல்சைமர் உள்ளவர்களின் மூளைத் திசுவிலும் இதே அமிலம் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த நோய்க்கும் இந்த ஒட்டுண்ணிக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி.

பார்க்கின்சன் நோயோடும் இதற்குத் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது வேறு வழியில். உடல் அசைவைப் பாதிக்கும் அந்த நோயில், டோபமைன் என்ற நரம்புச் சமிக்ஞை வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்கள் அழிகின்றன. இந்த ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுப்பிலோ டோபமைனின் மூலப்பொருளை உண்டாக்கும் நொதிக்கான மரபணுக்கள் இருக்கின்றன. கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. அல்சைமரிலும் இதே கதை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், அல்சைமர் போன்ற பாதிப்பு வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு இந்தத் தொற்றைக் கொடுத்தபோது, அந்த நோயின் அடையாளமான அமிலாய்டு புரதப் படிவுகள் குறையவே செய்தன.

ஏன் இந்தக் குழப்பம்? இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் தொற்று ஏற்பட்டது என்று தெரியும், அவ்வளவுதான். எப்போது ஏற்பட்டது, மூளையில் எத்தனை கூடுகள், எந்தப் பகுதியில் என்பதை அது சொல்லாது. அல்சைமரோ, மறதி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடுகிறது. எது முதலில் வந்தது என்று பிரித்தறிய, இளம் வயதிலேயே இரத்தம் எடுத்து வைத்து, அதே மனிதர்களை முதுமைவரை பின்தொடர வேண்டியிருக்கும்.