அமுக்கராவின் பெயரில் நாம் விழுங்குவது எது?

ஐப்பசி மழை நாளொன்றின் மாலையில், நாற்பதை நெருங்கும் ஒருவர் மனைவியுடன் என் சித்த மருத்துவ நிலையத்துக்கு வந்தார். உடல் முழுவதும் அரிப்பு. சொறிந்து சொறிந்து முன்கைத் தோல் தடித்துப் போயிருந்தது. கண்ணின் வெண்பகுதி மஞ்சளித்திருந்தது. சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போவதாகச் சொன்னார். காமாலை என்று தாமே முடிவுகட்டி, பத்து நாளாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்துவந்திருக்கிறார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “ஒன்றுமில்லை” என்றவரை மனைவி இடைமறித்தார்: “தூக்கத்துக்கு வாங்கினீங்களே, அதைச் சொல்லுங்களேன்.” “அது மருந்தில்லை டாக்டர், நம்ம அமுக்கராதான்” என்றபடி, அசுவகந்தா என்றும் விற்கப்படும் அந்த மூலிகையின் கேப்ஸ்யூல் புட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்றாக ஏழு வாரம். கீழாநெல்லி குடித்த பத்து நாளும் அதை நிறுத்தவில்லை. மருந்தல்லவே, எதற்கு நிறுத்த வேண்டும்?

உடனே அதை நிறுத்தச் சொல்லி, இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி, கல்லீரல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினேன். தொற்றுக் காமாலைகளுக்கான சோதனைகள் அனைத்திலும் நோய் இல்லை என்றே முடிவு வந்தது. புட்டியை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். முன்பக்கத்தில் ஒரு கிழங்கின் படம். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், வேரும் இலையும் சேர்ந்த சாறம் 500 மில்லிகிராம், அதில் வித்தனோலைடு 10 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. ‘நம்ம அமுக்கரா’ என்ற சொல்லுக்கும் அந்தப் பொடி எழுத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அமுக்கராவின் செயலுக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுபவை வித்தனோலைடுகள். இருபத்தெட்டுக் கரி அணுக்கள் கொண்ட ஸ்டீராய்டுச் சட்டகமும், அதன் வால் பகுதியில் ஒரு லாக்டோன் வளையமும் சேர்ந்தது இந்த மூலக்கூறுக் குடும்பம். (ஸ்டீராய்டு என்றதும் பலர் பதறுகிறார்கள், நம் உடலில் உள்ள கொலஸ்டிராலும் அதே சட்டகத்தின் மீது எழுந்ததுதான்.) இவற்றுள் முதலில் அமைப்புத் தெளிந்தது வித்தாஃபெரின் ஏ, இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் லாவியின் குழு 1965-இல் அதை வெளியிட்டது. குடும்பம் ஒன்றானாலும் குணம் ஒன்றல்ல. வேரில் வித்தனோலைடு ஏ-யும், சர்க்கரை இணைந்த வித்தனோசைடுகளும் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கின்றன. இலையிலோ வித்தாஃபெரின் ஏ-யும் வித்தனோனும் மிகுதி. வித்தாஃபெரின் ஏ சற்று முரட்டு மூலக்கூறு. அதன் வளையங்களில் உள்ள இரண்டு இடங்கள், புரதங்களிலுள்ள கந்தகத்தைக் கொக்கி போட்டதுபோலப் பற்றிக்கொள்ளக்கூடியவை. ஆய்வகத் தட்டில் அது புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று வரும் பரபரப்புச் செய்திகளுக்கு அடிப்படை இந்தப் பிடிப்புத்தான். ஆனால் அந்தக் கொக்கிக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பாகுபாடு முழுமையாகத் தெரியாது. கல்லீரல் தன்னிடமுள்ள குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளைக் கொண்டு இத்தகைய மூலக்கூறுகளைக் கட்டிப்போடுகிறது. அந்த இருப்பு குறைந்தவருக்கு என்ன ஆகும் என்பதே ஆய்வாளர்கள் இப்போது எழுப்பும் கேள்வி.

சித்த மருத்துவத்தில் உள்மருந்துக்குக் கிழங்கைத்தான், அதாவது வேரைத்தான் எடுக்கிறோம். இலையின் முதன்மையான இடம் வீக்கத்துக்குப் போடும் பற்று. கிழங்கையும் அப்படியே இடிப்பதில்லை. பானையில் பாலை ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன் மேல் பொடியை வைத்துப் பிட்டவியலாக அவித்து உலர்த்திய பிறகே சேர்க்கிறோம்.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். அமுக்கரா சூரணத்தில் கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்துநான்கு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு என ஒவ்வொன்றும் இரட்டித்துக்கொண்டே போகும். மொத்தம் 255 பங்கில் அமுக்கரா 64, அதாவது கால் பங்கு. ஒருவர் நாளொன்றுக்கு 4 கிராம் சூரணம் சாப்பிட்டால் அவருக்குச் சேரும் அமுக்கரா ஏறத்தாழ 1 கிராம். வேரில் வித்தனோலைடு அரை சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 5 மில்லிகிராம்தான் வருகிறது. தனிக் கிழங்குப் பொடியை 6 கிராம் கொடுத்தாலும் 30 மில்லிகிராம். அந்தப் புட்டியின் இரண்டு கேப்ஸ்யூல்களிலோ 100 மில்லிகிராம், அதிலும் இலையின் பங்கோடு. நம் முன்னோர் காலங்காலமாகச் சாப்பிட்டு வந்தார்கள் என்று விளம்பரம் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டது இதை அன்று.

மன அழுத்தத்தைத் தாங்க உடலுக்கு உதவும் பொருள் என்ற பொருளில் அமுக்கராவுக்குச் சூட்டப்படும் ‘அடாப்டோஜன்’ என்ற சொல்லும் நம்முடையதன்று. சோவியத் ஆய்வாளர் நிகோலாய் லாசரெவ் 1947-இல் உருவாக்கிய அந்தச் சொல்லை, சைபீரிய ஜின்செங் என்ற மூலிகை மீதான ஆய்வுகள் வழியாக இஸ்ரேல் பிரெக்மன் என்ற இன்னொரு சோவியத் ஆய்வாளர் பரப்பினார். 2008-இல் ஐரோப்பிய மருந்து முகமை, இதை ஒரு மருந்தியல் வகைப்பெயராக ஏற்க முடியாது என்று எழுதிவிட்டது. கடை அலமாரியில் மட்டும் அது செழிப்பாக வாழ்கிறது.

அமுக்கரா பயனற்றது என்று நான் சொல்லவில்லை. என் நோயாளிகளுக்கு இன்றும் எழுதித் தருகிறேன். 2012-இல் இந்தியாவில் 64 பேரிடம் நடந்த ஆய்வில், வேர்ச் சாறத்தை 300 மில்லிகிராம் வீதம் இருவேளை எடுத்தவர்களுக்கு மன அழுத்த மதிப்பெண்ணும் இரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலின் அளவும் குறைந்தன. ஆனால் அந்த ஆய்வு நடந்தது 60 நாட்கள்தான். விளம்பரங்கள் இந்த நாட்கணக்கைச் சொல்வதே இல்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து விழுங்குவது பற்றி அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

கல்லீரல் பாதிப்பு அரிது என்றாலும் உண்மை. ஐஸ்லாந்தில் மூவர், அமெரிக்காவில் இருவர் என ஐந்து பேரின் விவரங்கள் 2020-இல் வெளிவந்தன. மருந்தைத் தொடங்கி 2 முதல் 12 வாரங்களுக்குள் காமாலையும் கடும் அரிப்பும் தோன்றி, நிறுத்திய சில மாதங்களில் தணிந்தன. என் நோயாளியின் கதையும் வரிக்கு வரி அப்படித்தான். ஏற்கெனவே கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடிந்ததை இந்திய மருத்துவர்களும் பதிவுசெய்திருக்கிறார்கள். இவை வேர்ப்பொடியிலும் வரலாம். இலை மட்டுமே குற்றவாளி என்று என்னால் அடித்துச் சொல்ல இயலாது. 2023-இல் டென்மார்க் அமுக்கராவை முற்றிலும் தடைசெய்ததை மிகையான நடவடிக்கை என்றே நான் கருதுகிறேன். நம் ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் உற்பத்தியாளர்களை இலையைத் தவிர்த்து வேரையே பயன்படுத்தும்படி அறிவுறுத்தியதுதான் அளவான வழி. ஆனால் அந்த அறிவுரை இணையக் கடைகளின் எல்லாப் புட்டிகளையும் எட்டிவிடவில்லை.

லேபிளில் உள்ள சதவீதத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. பிரித்தெடுத்ததை மொத்தமாக எடைபோடும் எடையறி முறையில் அளந்தால், கூடவே வரும் பிற பொருட்களும் வித்தனோலைடு கணக்கில் ஏறிவிடும்; கலவையிலுள்ள பொருட்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் அளந்தால் அதே சாறத்துக்குக் குறைந்த எண் வரும். எந்த முறை என்று எழுதாத சதவீதம், படி அளவு சொல்லாமல் அரிசி விலை சொல்வதைப் போன்றது.

கருவுற்றவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தைராய்டு மிகைச்சுரப்பு உள்ளவர்கள் அமுக்கராவைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு குறைவுக்கோ நீரிழிவுக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அரிப்பு, சிறுநீர் நிறமாற்றம், காரணமில்லாத சோர்வு, குமட்டல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே நிறுத்திவிட்டுப் பரிசோதிக்க வேண்டும். இப்போது ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்’ என்று நான் கேட்பதில்லை. ‘வாயில் போடுவது எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்’ என்கிறேன்.

அவருக்கு அரிப்பு அடங்க ஆறு வாரமும், இரத்த அளவுகள் சீராக மூன்று மாதமும் ஆயின. கடைசி முறை வந்தபோது, “சரி டாக்டர், கேப்ஸ்யூல் வேண்டாம். நீங்களே செய்து தரும் அமுக்கரா லேகியத்தையாவது சாப்பிடலாமா?” என்று கேட்டார். ஒருமுறை இந்த மூலிகையால் கல்லீரல் அடிபட்டவருக்கு என் கையால் அவித்த கிழங்கும் ஆகாது என்று சொல்லி, அவருடைய சீட்டின் தலைப்பில் ‘அமுக்கரா கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.