கல்யாண வீட்டில் ஒன்பது மணிக்கே படுக்கப் போகிறவர்

என்னிடம் பல வருடங்களாகச் சிகிச்சைக்கு வரும் ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்), அக்கா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்த கையோடு, ஒன்பது மணிக்கெல்லாம் லாட்ஜ் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். இவர்தான் தாய்மாமன். மண்டபத்தில் விடிய விடியச் சீட்டாட்டம், அரட்டை. "தாய்மாமனே இப்படி ஒட்டாம இருந்தா எப்படி?" என்று ஆளாளுக்குப் பேசியிருக்கிறார்கள். அடுத்த முறை ஓ.பி.க்கு வந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்கென்னவோ எழுந்து நின்று கை கொடுக்கலாம்போல இருந்தது.

அவருக்கு இருப்பது இருமுனைக் கோளாறு. பைபோலார் என்றால்தான் பலருக்குத் தெரிகிறது. சில வாரங்கள் மனம் தலைதெறிக்க ஓடும். பேச்சு, திட்டம், செலவு எல்லாமே கரைபுரளும். வேறு சில மாதங்களில் படுக்கையைவிட்டு எழவே முடியாது. நடுவில் நீண்ட காலம் எல்லோரையும்போல இருப்பார்கள். 'உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று இவர்களிடம் சொல்லும்போது, மனதுக்குப் பிடித்த பாட்டு, ஊர் சுற்றல், எண்ணெய்க் குளியல் எதையும் நான் முதலில் சொல்வதில்லை. எல்லாம் நல்லதுதான். ஆனால் முதலில் தூக்கம்.

இந்த நோயில் தூக்கக் குறைவு அறிகுறி மட்டுமல்ல, தூண்டுகோலும்கூட. மனம் எழுச்சி நிலைக்குப் போகும்போது தூக்கம் குறையும் என்பது பலருக்குத் தெரியும். ஏதோ ஒரு காரணத்தால் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே சிலருக்கு எழுச்சி தொடங்கிவிடும் என்பது தெரிவதில்லை. சாதாரணமாகத் தூக்கம் வராதவர் மறுநாள் சோர்ந்து கிடப்பார். இவர்களோ மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, "இன்னைக்கு என்னமோ பயங்கர ஃப்ரெஷ்ஷா இருக்கு டாக்டர்" என்பார்கள். அந்த ஃப்ரெஷ்தான் எனக்குப் பயம்.

சிவராத்திரி முடிந்த வாரத்தில் இப்படி யாராவது என் ஓ.பி.யில் வந்து நிற்பதுண்டு. வைகுண்ட ஏகாதசிக்குப் பிறகும் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. நான்கு கால பூஜையில் முதல் காலம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுப் படுங்கள் என்கிறேன். ஒரு பாட்டி, "கண்ணு முழிக்கலைன்னா பலன் கிடைக்குமா?" என்று கேட்டார். "பேரன் நல்லா இருக்கணும்னுதானே பாட்டி விரதம்? அவன் பங்குக்கும் சேர்த்து நீங்க முழிச்சிருங்க" என்றேன். ஒத்துக்கொண்டார். நைட் ஷிஃப்ட் வேலை இதைவிடச் சிக்கல். அதைப் பூஜை மாதிரி எளிதாக மாற்றிவிட முடியாது. பகல் ஷிஃப்ட் கேட்டு எத்தனையோ பேருக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது லித்தியம். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பலனை எழுதினார். இன்றைக்கும் இந்த நோய்க்கு இதை மிஞ்சிய மருந்துகள் குறைவு. ஆனால் கொஞ்சம் கறாரான மருந்து. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் போதும். 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கிவிடும். சிறுநீரகம் லித்தியத்தை ஏறக்குறைய உப்பைப்போலவே நடத்துகிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், உப்பைப் பிடித்துவைப்பதாக நினைத்து லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அக்னி நட்சத்திர வெயிலில் வேர்த்துக் கொட்டினால் தண்ணீரும் மோரும் கூடுதலாக வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் கூடாது. பிரஷர் என்று திடீரென உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறக் கூடாது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று, மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கிப் போடும் மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை லித்தியம் அளவை ஏற்றிவிடும். ஒரு அம்மா பத்து நாள் அப்படிப் போட்டுக்கொண்டு, கை நடுங்கி, நடை தள்ளாடி, நாக்குக் குழறி வந்து சேர்ந்தார். வீட்டில் பக்கவாதம் என்றே நினைத்துவிட்டார்கள். நல்லவேளை, மாத்திரை சீட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். வலிக்கு எந்த மாத்திரை வாங்கினாலும் லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பாரசிட்டமால் போதும். லித்தியம் அளவுக்கும் தைராய்டு, சிறுநீரகத்துக்கும் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் படித்துப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்.

சோர்வுக் காலத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இளைஞருக்குக் காலை நடை, யோகா, டைரி, நண்பர்களுக்கு போன் என்று ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தவர், "ஒண்ணுகூட செய்ய முடியலை சார். இதிலேயும் ஃபெயில் ஆயிட்டேன்" என்றார். அன்றைக்கு அந்தப் பட்டியலை விட்டேன். இப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: தினமும் ஒரே நேரத்தில் படுக்கையைவிட்டு எழுந்து வாசலில் உட்கார்ந்து ஒரு டீ. குளிக்க முடியாவிட்டால் முகம் கழுவினால் போதும். அதுவும் முடியாவிட்டால் வாய் கொப்பளியுங்கள். வீட்டில் இருப்பவர்கள் இதை 'சோம்பேறித்தனம்' என்று சொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

நன்றாக இருக்கும் நாட்களில் செய்ய வேண்டிய காரியமும் உண்டு. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் தூங்கிய மணி நேரத்தைக் குறித்து வாருங்கள். அது போதும். இரண்டு ராத்திரி தொடர்ந்து ஐந்துக்குக் கீழே வந்தால் யார் எனக்கு போன் செய்வது, ஏ.டி.எம். கார்டு யாரிடம் போகும், வண்டிச் சாவி யாரிடம் என்பதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி எழுதி வைக்கச் சொல்கிறேன். எழுச்சியில் இருக்கும்போது பேசினால் சண்டைதான் மிஞ்சும். நோய் முற்றிய நேரத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இடம் கொடுக்கிறது. நம் ஊரில் அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. எனக்கு அது வருத்தம்தான்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் டீ, காலண்டர் எல்லாம் அப்புறம். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். டாக்டர் கிடைக்காவிட்டால் 14416க்குக் கூப்பிடுங்கள். இது டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். செய்துவிடுவேனோ என்ற பயம் இருந்தால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

அந்தத் தாய்மாமனுக்கு அக்காவின் சின்ன மகள் கல்யாணமும் வருகிறதாம். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன்னால் அக்காவே போன் செய்திருக்கிறார்: "தம்பி, ரிசப்ஷனை முந்தின நாள் ராத்திரி வைக்காம, கல்யாணத்தன்னைக்கு சாயங்காலம் வச்சுக்கலாமா? உனக்கு அதுதானே சௌகரியம்?"