ஒரே நேரத்தில் பல ஒலிகள்: எது எங்கிருந்து வருகிறது?

எட்டு மைக்குகள், 10 செ.மீ. இடைவெளியில், ஒரே வரிசையில். நேரெதிரே தொலைவிலிருந்து வரும் ஒலி எட்டையும் ஒன்றாகத் தொடும். 30 டிகிரி சாய்ந்து வந்தால், ஒரு மைக்கைத் தொட்டு அடுத்ததைத் தொட சுமார் 0.15 மில்லிசெகண்ட் பிடிக்கும். கடைசி மைக்குக்குப் போய்ச்சேர 1 மில்லிசெகண்ட். இந்தத் தாமதத்தைச் சரிக்கட்டி எட்டுப் பதிவுகளையும் கூட்டினால், அந்தத் திசை ஒலி மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும், மற்றவை பெரும்பாலும் அடங்கிவிடும். இப்படித் திசை திசையாகக் கூட்டிப் பார்ப்பதுதான் பீம்ஃபார்மிங்.

ஒலி ஒன்றுதான் என்றால் இதோடு வேலை முடிந்தது. இரண்டு மூன்று சேர்ந்தால்தான் வம்பு. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ.; நம் வரிசையோ 70 செ.மீ.தான். அதனால் கற்றை, அதாவது வரிசை ஒரே திசையாகக் கேட்கும் கோண அகலம், 25 டிகிரி அளவுக்குப் பருத்துவிடும். 10 டிகிரி தள்ளியிருக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள், எந்தத் திசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடத்தில் ஒரே மேடாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு, உரத்த ஒலி பக்கங்களில் போலி மேடுகளை எழுப்பும். மெல்லிய ஒலி அதில் புதைந்துபோகும். மைக்குகளைத் தள்ளித் தள்ளி வைத்து வரிசையை நீட்டலாமே என்றால், இடைவெளி அரை அலைநீளத்தைத் தாண்டியதும் அசலுக்குச் சமமான போலிகளே முளைக்கலாம்.

நிலநடுக்க அலைகளை ஆராய்ந்த ஜாக் கேப்பன் 1969இல் வேறு வழி சொன்னார்: பார்க்கும் திசையின் ஒலியை அப்படியே விடு, மொத்த ஆற்றலை முடிந்தவரை குறை. உரத்த ஒலி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வரிசை தானாகவே செவிடாகிவிடும். சாமர்த்தியமான யோசனைதான். ஆனால் மைக் கொஞ்சம் இடம் மாறியிருந்தாலும், வேண்டிய ஒலியையே எதிரி என்று நினைத்து அடக்கிவிடும்.

ரால்ஃப் ஷ்மிட்டின் மியூசிக் முறை இன்னும் கூர்மையானது. மைக்குகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு ஓர் அணி (எண்களின் கட்டம், மேட்ரிக்ஸ்) அமைத்தால், எட்டு ஐகன் மதிப்புகள் கிடைக்கும்; இவை அந்த அணியின் தனித்தன்மையைச் சொல்லும் எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐகன் திசையன் (வெக்டர்) உண்டு. ஒலிகள் இரண்டு என்றால் இரண்டு மதிப்பு பெரிது. மீதி ஆறும் வெறும் இரைச்சல். உண்மையான திசையின் தாமத வடிவம் இந்த ஆறின் திசையன்களுக்கும் செங்குத்தாக இருக்கும். அப்படிப்பட்ட திசைகளில் ஊசிபோல் சிகரம் எழும். சிகரத்தின் உயரம் ஒலியின் உரப்பைச் சொல்லாது, திசையை மட்டும்தான் சொல்லும். எட்டு மைக்கால் அதிகபட்சம் ஏழு ஒலிகள்.

எதிரொலி வந்தால் இதுவும் தடுமாறும். சுவரில் பட்டுத் திரும்புவது அசலின் நகல் என்பதால் இரண்டு பெரிய மதிப்புகள் ஒன்றாகிவிடும். அப்போது 1 முதல் 6, 2 முதல் 7, 3 முதல் 8 என்று மைக்குகளைக் குழுக்களாக்கி, அவற்றின் அணிகளைச் சராசரி எடுப்பார்கள். நகல் பிரிந்துவிடும், ஆனால் 70 செ.மீ. வரிசை 50 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும்.