‘ஃபோம் நிரப்பினது ஏஜென்சிக்காரர்தானே?’

போன கிழமையும் ஒரு தம்பி டொரண்டோ ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஊரில் இருக்கிற அக்காவைக் கூப்பிட விசிட்டர் விசா போட்டிருக்கிறார்கள். அக்காவுக்குச் சில வருடங்களுக்கு முன் லண்டன் விசா மறுக்கப்பட்டிருக்கிறது. கனேடிய விண்ணப்பத்தில், கனடாவோ வேறெந்த நாடோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுத்ததுண்டா என்ற கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று கிடக்கிறது. விளைவு, கனடாவுக்கு வர ஐந்து வருடத் தடை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, நான் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே கதையைச் சொன்னார்: “அண்ணை, ஃபோம் நிரப்பினது யாழ்ப்பாணத்து ஏஜென்சிக்காரர். அக்காவுக்கு இங்கிலீசும் தெரியாது. அவ என்ன செய்வா?”

லண்டன் மறுத்தது என்பதற்காக மட்டும் கனடா மறுப்பதில்லை. அப்போது ஏன் மறுத்தார்கள், இப்போது நிலைமை எப்படி மாறியிருக்கிறது என்று ஒரு பக்க விளக்கம் வைத்திருக்கலாம். அதையும் மீறி மறுத்திருந்தால் திரும்பப் போட்டிருக்கலாம். மறைத்ததால் அந்த வழியும் அடைபட்டுப் போனது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தம்பி கேட்கிறார். இரண்டு இடத்திலும் கைரேகை கொடுத்தவதானே அக்கா?

இந்த “ஏஜென்சிக்காரர்தானே” கதைக்கு வருவோம். கனேடியக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, முக்கியமான தகவலை நேரடியாகத் திரித்தாலும் மறைமுகமாகத் திரித்தாலும் தடைதான். உங்களுக்காக இன்னொருவர் எழுதிய பொய்யும் உங்கள் கணக்கில்தான் ஏறும். அதிகாரி உண்மையிலேயே ஏமாந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஏமாறக்கூடியதாக இருந்தாலே போதும். படிவத்தின் கடைசியில், மேலே உள்ளதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுவது உங்கள் பெயர். தட்டச்சு செய்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பெடரல் நீதிமன்றம் வரைக்கும் இதே வாதத்தைக் கொண்டுபோனவர்கள் பலர். பொய் என்று தெரியவே வழியில்லாத அபூர்வமான கேஸ்களை விட்டால், கையெழுத்துப் போடும் முன் ஏன் சரிபார்க்கவில்லை என்றுதான் அங்கேயும் கேட்பார்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கொண்டு வாசித்துக் கேட்க வேண்டும். அக்காவின் பிள்ளையே ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறது!

“பஞ்சாப் பெடியளை விட்டவங்கள்தானே” என்பார்கள். 2023இல் போலியான கல்லூரி அனுமதிக் கடிதங்களோடு மாட்டிய இந்திய மாணவர்களை மொத்தமாக மன்னித்துவிடவில்லை. ஒவ்வொருவராக விசாரித்து, உண்மையில் படிக்க வந்து ஏமாந்தவர்களுக்குத்தான் அனுமதி கொடுத்தார்கள். அந்தக் கடிதங்களைக் கொடுத்த முகவருக்கு 2024இல் வன்கூவரில் மூன்று வருடச் சிறை கிடைத்தது. உங்கள் ஏஜென்சிக்காரர் ஊரில் அல்லவா இருக்கிறார்? காசு அவருக்கு, தடை உங்களுக்கு.

பெரியவர்களுக்கு வேறொரு கதை இருக்கிறது. “நாங்கள் தலை மாத்தின, அதாவது படம் மாத்தின பாஸ்போட்டிலதான் வந்தனாங்கள். 1986இல நியூபவுண்ட்லாந்துக் கடலில மீன்பிடிக்காரர் காப்பாத்தின 155 பேரும், ஜெர்மனியில இருந்து வந்திட்டு இந்தியாவில இருந்து வாறம் எண்டுதானே முதல் சொன்னவை?” சொன்னார்கள், உண்மை. ஆனால் அவர்கள் அடைக்கலம் கேட்டு வந்தவர்கள். பொய்க் கடவுச்சீட்டில் வந்து அகதிக் கோரிக்கை வைப்பவர் மீது, அது முடிவாகும் வரை அதற்காக வழக்குப் போடக்கூடாது என்று இன்றும் சட்டத்தில் இருக்கிறது. கலியாணத்துக்கு வந்துபோக விசா கேட்கிற அக்காவுக்கு அது பொருந்தாது.

தடை 2014 நவம்பருக்கு முன் இரண்டு வருடம், இப்போது ஐந்து. கனடாவுக்குள் இருக்கும்போது பிடிபட்டால், வெளியேற்ற உத்தரவு நிறைவேறிய நாளிலிருந்துதான் அந்த ஐந்து வருடமும் தொடங்கும். தடை முடியும் வரை பி.ஆருக்கும் (நிரந்தர வதிவிடத்துக்கும்) விண்ணப்பிக்க முடியாது. பி.ஆர். கிடைத்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, அதையும் பறிக்கலாம். பொய் சொல்லி எடுத்த குடியுரிமையை எத்தனை வருடம் கழித்தும் பறிக்கலாம். வழக்கென்று போனால் ஒரு லட்சம் டொலர் வரை தண்டமும் ஐந்து வருடம் வரை சிறையும் உண்டு. பி.ஆர். எடுக்கும்போது ஊரில் இருக்கிற மனைவியையோ பிள்ளையையோ மறைத்தவர்கள், பிறகு அவர்களை ஸ்பொன்சர் பண்ண முடியாமல் என் முன்னால் அழுதிருக்கிறார்கள்.

இனியாவது இதைச் செய்யுங்கள். காசு வாங்கிக்கொண்டு கனேடிய விண்ணப்பம் செய்பவர் வழக்கறிஞர் போலக் கனேடியச் சட்டச் சங்கம் ஒன்றில் பதிவானவராகவோ, குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் (படிக்கிற இடமல்ல, ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு) பதிவான ஆலோசகராகவோ இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்தச் சங்கத்தின் அல்லது கல்லூரியின் இணையத்தளத்தில் தேடுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழும்பி வாருங்கள். கடன் வாங்கி ஒரு கிழமைக்கு வங்கியில் போட்டுக் காட்டுவதையும், காசுக்கு வேலைக் கடிதம் வாங்குவதையும் விடுங்கள்.

விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலைப் போடச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தடை விதிக்கும் முன் அதிகாரி விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவார். தம்பியின் அக்காவுக்கும் அனுப்பியிருக்கிறார், ஏஜென்சிக்காரரின் ஜிமெயிலுக்கு. தவணை முடிந்து, தடையும் விழுந்த பிறகுதான் அக்காவுக்கே தெரியும்.

ஏற்கெனவே போட்டுவிட்டு, உள்ளே என்ன எழுதினார்களோ என்று பயத்தில் இருப்பவர்கள், அனுப்பிய படிவத்தின் பிரதியை இன்றைக்கே வாங்குங்கள். தர மறுத்தால், இங்கே இருக்கிற உறவினர் உங்கள் சம்மதக் கடிதத்துடன் ஐந்து டொலர் கட்டிக் கனேடியக் குடிவரவுத் திணைக்களத்திடம் தகவல் கோரிக்கை போட்டுக் கோப்பை எடுக்கலாம். பிழை இருந்தால், அதிகாரி கேட்கும் முன் நீங்களே எழுதித் திருத்துங்கள். எல்லா நேரமும் அது காப்பாற்றும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. பிடிபட்ட பிறகு எழுதுகிற கடிதத்தை விட அதற்கு மதிப்பு அதிகம்.