பைவால்வ்: கதவும் ஓடும், ஒரு பழுப்புச் சிப்பியும்

மட்டி, முத்துச்சிப்பி, கல்லில் ஒட்டி வளரும் சிப்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆங்கில நூல்கள் வைத்திருக்கும் பெயர் ‘பைவால்வ்’. தமிழில் எழுதுகிறவர்கள் இதை அப்படியே போட்டுவிடுகிறார்கள், அல்லது ‘ஈர்வால்வு’ என்று பாதி பெயர்க்கிறார்கள். இரண்டாவதுதான் எனக்கு உறுத்துகிறது.

‘பை’ என்றால் லத்தீனில் இரண்டு. ‘வால்வா’ என்பது இரட்டைக் கதவில் ஒரு பக்கத்துக் கதவு. 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்த உயிர்களுக்குப் பெயர் வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது திறந்து மூடும் இரட்டைக் கதவு. அதே ‘வால்வா’தான் பிற்காலத்தில் மோட்டார் பம்புக்கும் இதயத்துக்கும் போய் ‘வால்வு’ ஆனது. ஆகவே ‘ஈர்வால்வு’ என்று படிக்கிற பிள்ளைக்குக் கடற்சிப்பி நினைவுக்கு வராது, குழாய்தான் வரும்.

கதவு என்ற உவமை எவ்வளவு பொருத்தம் என்பது ஒரு சிப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும். இரண்டு ஓடுகளும் முதுகுப்பக்கம் ஒரு கீலில் சேர்ந்திருக்கும். கீலை ஒட்டி மீள்தன்மையுள்ள ஒரு நார்ப்பட்டை உண்டு; அது ஓடுகளை எப்போதும் திறக்கவே பார்க்கும். உள்ளே இருக்கிற மூடுதசை இழுத்துப் பிடிப்பதால்தான் ஓடு மூடியிருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் தசை பிடியை விட, சிப்பி தானாக வாய் திறக்கும். சதையை எடுத்துவிட்டு ஓட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்தால், தசை ஒட்டியிருந்த இடம் மங்கலான தழும்பாகத் தெரியும். கீலுக்கு அருகே விரலை ஓட்டினால் சிறு பல் போன்ற மேடு தட்டுப்படும். கீல், பல், தழும்பு: ஓட்டை வைத்து இனம் பிரிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கதவை விட்டுவிட்டு ஓட்டைப் பிடித்துக்கொள்வது நல்லது. நத்தைக்கு ஓடு, ஆமைக்கு ஓடு என்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல் அது. ‘இருவோடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘இரு’ என்பது ‘ஈர்’ ஆகும். ஈராண்டு, ஈருருளி மாதிரி. அந்த முறைப்படி ‘ஈரோட்டு மெல்லுடலி’ என்பதே சரி (நத்தை, சிப்பி போன்ற மென்மையான உடல் கொண்ட உயிர்களுக்குப் பொதுப்பெயர் மெல்லுடலி). ஊர்ப்பெயரோடு குழம்பும் என்ற தயக்கம் வேண்டாம், பின்னால் வரும் ‘மெல்லுடலி’ அதைத் தீர்த்துவிடும். ‘சிப்பி’ என்ற ஒற்றைச் சொல்லையே பொதுப்பெயராக வைக்கலாமே என்றால், ஊர்வழக்கு இடம் தராது. தென்கேரளத்தின் விழிஞ்சம் பக்கம் சிப்பி என்றால் பாறையில் ஒட்டி வளர்வது ஒன்றுதான். மலபாரில் அதற்கே கல்லுமக்காய் என்று பெயர்.

அந்தப் பாறைச் சிப்பியிடம்தான் ஓடு என்கிற அடையாளம் ஒரு பெரிய சோதனைக்கு உள்ளானது.

நம் கரையில் பெர்னா என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதியை, சேர்ந்த சிப்பிகள் இரண்டு. ஒன்று பச்சைச் சிப்பி, பெர்னா விரிடிஸ். மற்றொன்று கேரளத்தின் தென்பகுதியிலும் கன்னியாகுமரிப் பக்கமும் கிடைக்கும் பழுப்புச் சிப்பி. 1976-இல் குரியாக்கோஸ், நாயர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பழுப்புச் சிப்பியைப் புதிய சிற்றினம் என்று விவரித்து, பெர்னா இண்டிகா என்று பெயர் வைத்தார்கள். பச்சையிலிருந்து அதைப் பிரித்துக்காட்டும் வேலையைக் கவனமாகவே செய்திருந்தார்கள். பச்சைச் சிப்பியின் இடது ஓட்டில் இரண்டு சிறு கீல்பற்கள், வலதில் ஒன்று. பழுப்பில் இடது ஓட்டில் ஒரே பெரிய பல், வலதில் அது பொருந்தும் குழி. உள்ளே ஓட்டை ஒட்டிச் சதையைப் போர்த்தியிருக்கும் மென்தோலின் விளிம்பும் ஒன்றில் பசுமஞ்சள், மற்றதில் பழுப்பு.

இவ்வளவும் உண்மை. ஆனால் இது பச்சை வேறு, பழுப்பு வேறு என்பதற்குத்தான் சான்று. ஆப்பிரிக்கக் கரையிலும் அரபுக் கரையிலும் வாழும் பெர்னா பெர்னாவும் பழுப்புச் சிப்பிதான். அதிலிருந்து நம்முடையது வேறா என்று ஓடு மட்டும் சொல்லிவிடாது. சிப்பியின் ஓடு இடத்துக்குத் தக்கபடி மாறக்கூடியது. அலை அறையும் பாறையில் ஒரு வடிவம், நெருக்கியடித்து வளர்ந்தால் இன்னொரு வடிவம். நிறத்தையும் நம்ப முடியாது; பச்சைச் சிப்பியே வயதானால் பழுப்பேறும்.

இங்கேதான் மரபணு கைகொடுத்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான, பொதுவாகத் தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்டிரியாவில் இருக்கும் ஒரு மரபணுத் துண்டின் எழுத்து வரிசையைப் பல ஊர்ச் சிப்பிகளில் படித்து, எது எதோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது வழக்கமான முறை. அது ஒன்று மட்டும் போதாது. மைட்டிலஸ் என்ற நெருங்கிய பேரினத்தில் ஆண் சிப்பிகளுக்குத் தாயின் மைட்டோகாண்டிரியாவோடு தந்தையுடையதும் வந்து சேர்கிறது. எதைப் படிக்கிறோம் என்று தெரியாமல் படித்தால் ஓர் இனமே இரண்டாகத் தோன்றும். அதனால் செல்லின் உட்கருவில் உள்ள மரபணுவையும் சேர்த்துப் படிப்பார்கள்.

நியூசிலாந்து, தூத்துக்குடி ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, மரபணுவையும் ஓட்டின் கூறுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தது. நம் பெர்னா இண்டிகா தனிச் சிற்றினம் இல்லை, ஓமன் பகுதியின் பெர்னா பெர்னாவேதான், நூறு ஆண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தது என்பது அதன் முடிவு. கப்பலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கடல் கடப்பது இந்தச் சிப்பிக்குப் புதிதல்ல.

பெயரிடல் விதிப்படி, ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தியதற்கே முதலிடம். பெர்னா பெர்னாவில் இரண்டாவதாக வரும் ‘பெர்னா’ என்ற சிற்றினப் பெயர் லின்னேயஸ் 1758-இல் வைத்தது. லத்தீனில் பன்றியின் தொடைக்கறி என்று பொருள், ஓட்டின் வடிவம் அப்படி. ‘இண்டிகா’ அதன் மாற்றுப்பெயராகிவிடும். ஆகவே இனி எழுதும்போது ‘பழுப்புச் சிப்பி, பெர்னா பெர்னா, ஈரோட்டு மெல்லுடலி வகுப்பு’ என்று எழுதலாம். பழைய மீன்வள அறிக்கைகளில் பெர்னா இண்டிகா என்று கண்டால் வேறு சிப்பி என்று தேட வேண்டாம், அதுவும் இதேதான்.