ஊதாரி, கஞ்சன் என்று பெயர் வைப்பதற்கு முன்

பணத் தகராறோடு ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் மகனுக்கு 'ஊதாரி', அப்பாவுக்குக் 'கஞ்சன்' என்ற பெயர் ஏற்கெனவே விழுந்திருக்கும். பெரும்பாலும் அது பிறவிக் குணமல்ல. அந்தந்த வயதில் மனம் பணத்தைப் பார்க்கும் விதம் அது. அதனால்தான் "சிக்கனமா இரு" என்ற அறிவுரை 25 வயதிலும் எடுபடுவதில்லை, "உனக்காகச் செலவு பண்ணிக்கோ" என்பது 70 வயதிலும் எடுபடுவதில்லை.

இருபதுகளில் முதுமை என்பது வேறு யாருக்கோ நடக்கப்போவது. இன்று வாங்கும் போன்தான் நிஜம். கூடவே, நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் சுருக்கென்ற வலி கார்டில் மங்கிவிடுகிறது. பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்குக் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்ட மாணவர்கள், ரொக்கம் தரவேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை சொன்னார்கள்.

கார்டு பில்லில் அச்சிட்டிருக்கும் 'குறைந்தபட்சத் தொகை'யும் மனதை ஏமாற்றும். அதைக் கட்டினாலே கடமை முடிந்தது போல ஒரு நிம்மதி. கணக்கைப் பாருங்கள்: பாக்கி 50,000 ரூபாய், அதில் 5 சதவீதமாக 2,500 கட்டுகிறீர்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,750. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. அசலில் கழிவது வெறும் 435 ரூபாய். பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இந்த நிலையில் இருப்பவரே, "அது பாப்பா பேருக்குப் போட்டது" என்று ஆண்டுக்கு ஏழு சதவீத வட்டி தரும் வைப்புத்தொகையைத் தொடாமல் வைத்திருப்பார். பணத்துக்குப் பெயர் வைத்துத் தனித்தனிப் பானையில் போடும் இந்தப் பழக்கத்தைப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் விரிவாக விளக்கியிருக்கிறார். வைப்பை உடைத்துக் கார்டை அடைப்பதே லாபம். அடைத்த பிறகு, கார்டுக்குக் கட்டிய தொகையை அதே பாப்பாவின் பெயரில் மாதத் தவணையாகப் போட்டால் மனமும் ஒத்துக்கொள்ளும்.

இளம் வயதில் மன உறுதியை நம்பாதீர்கள், ஏற்பாட்டை நம்புங்கள். சம்பளம் வந்த மறுநாளே தொடர்வைப்புக்குத் தானாகப் பணம் போகட்டும். யுபிஐக்குத் தனிக் கணக்கு வைத்து, வாரச் செலவை மட்டும் அதில் மாற்றுங்கள். சேமிப்பை இன்றே கூட்டச் சொன்னால் கசக்கும். அடுத்த சம்பள உயர்விலிருந்து கூட்டுவதாக இன்றே எழுதிக் கொடுப்பது எளிது. தேலரும் அவருடைய சக ஆய்வாளர் பெனார்ட்சியும் இப்படி நடத்திய திட்டத்தில் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. நம் ஊர்ச் சீட்டும் இதே சூட்சுமத்தில்தான் ஓடுகிறது: தவறினால் நாலு பேர் கேட்பார்கள். பதிவு செய்த சீட்டா என்று மட்டும் பார்த்துச் சேருங்கள்.

நடுவயதில் பணத்தைப் பற்றிய தீர்ப்பு கூர்மையாகவே இருக்கும். கடன் சார்ந்த தவறுகள் 53 வயதையொட்டி மிகக் குறைவு என்று 2009இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அங்கே இடறவைப்பது கௌரவம். மண்டபம் பார்க்கப் போகும் முன்பே கல்யாணச் செலவின் உச்சத்தை எழுதி வீட்டில் எல்லோரும் பார்த்துவிட வேண்டும். போய்ப் பார்த்த பிறகு எழுதும் தொகை மண்டபக்காரருடைய தொகையாகிவிடும்.

ஓய்வு பெற்றவர்களின் சிக்கல் நேரெதிர். இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 35 வருடம் சேர்த்துப் பழகியவருக்கு அசலிலிருந்து எடுப்பதே இழப்பாகத் தெரியும். வங்கியில் லட்சங்கள் இருக்க, காது கேட்கும் கருவியைத் தள்ளிப்போடுவார். வாதாடிப் பயனில்லை. மொத்தத் தொகையை மாத வருமானம்போல மாற்றிக் கொடுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். 'வட்டி செலவுக்கு, அசல் பத்திரம்' என்ற பிரிப்பு அவருக்குச் செலவழிக்கத் துணிவு தரும். வங்கி வைப்பில் போடுவதானால், ஒரு வங்கிக்கு ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு.

சிலர் பாசத்தில் வீட்டையே செட்டில்மெண்ட் எழுதிவிடுகிறார்கள். எழுதியே தீருவேன் என்றால், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின் துணை (கவனிக்காமல் விட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கேட்பது) அப்போதுதான் உறுதியாகக் கிடைக்கும்.

எந்த வயதிலும் கவனிக்க வேண்டியது, பழக்கம் திடீரென்று மாறுவது. பைசா கணக்குப் பார்த்தவர் கரண்ட் பில்லை இரண்டு முறை கட்டுகிறார், சில்லறைக் கணக்கில் தடுமாறுகிறார், முன்பின் தெரியாதவருக்கு அள்ளிக் கொடுக்கிறார் என்றால் மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். இளைஞர் ஒருவர் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கி, களைப்பே இல்லாமல், கடன் வாங்கி வாரி இறைத்தால் அது மனவெழுச்சி நோயாக (மேனியா) இருக்கலாம். இருவருக்கும் தேவை மருத்துவர்.

போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் சொல்லும் 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். அப்படியும் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குகளுக்குப் பாய்ந்துவிடும். அவரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த அழைப்பை உங்களிடம் சொல்லமாட்டார்.